சாயத்துக்குச் சட்டம், ஈயத்துக்கு சல்யூட்

ஆரணியில் ஒரு சாயப்பட்டறைக்காரர் தொட்டியைத் திறந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அரக்குச் சிவப்பு அரக்குச் சிவப்பாகவேதான் ஓடும். கமண்டல நாகநதி மணலில் அதை ஒளித்துவைக்க முடியாது. சட்டத்திலும் அவருக்குச் சிவப்புதான். நூலுக்குச் சாயமேற்றும் தொழிலை மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் சிவப்பு வகையில் வைத்திருக்கிறார்கள். பட்டறை வைக்க ஓர் இசைவாணை, நடத்த இன்னொன்று. அதற்கு மேல் புதுப்பித்தல், சுத்திகரிப்பு, பதிவேடு.

இதில் எனக்குப் புகார் இல்லை. நொய்யல் ஆறு என்ன ஆனது என்று பார்த்தவர்கள்தானே நாம்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடினார்கள். ஆற்றைக் கெடுத்தால் கடையைச் சாத்து. நியாயம்.

இப்போது ஈயத்துக்கு வருவோம்.

துப்பாக்கிக் குண்டின் வயிற்றில் பெரும்பாலும் ஈயம்தான். மேலே ஒரு செம்புச் சட்டை. 7.62 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய பத்து கிராம். அதை ஒருவர் ஒருமுறை சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. பயிற்சித் தளத்துக்கு அணி அணியாக வருகிறார்கள், வருடம் முழுக்கச் சுடுகிறார்கள். இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு அத்தனையையும் விழுங்குகிறது. மழை பெய்கிறது. ஈயம் வெள்ளையாகப் பூத்து, கரைந்து, மண்ணோடு இறங்குகிறது. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறம் இல்லை. சாயக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

துப்பாக்கி சுடும் தளம் எந்த வகை? சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா? உடுப்பின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

மண்ணும் தண்ணீரும் மெதுவாகச் சாகும். அவ்வளவு பொறுமை இல்லாத குண்டும் உண்டு. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டு தளத்தைத் தாண்டிப் போனது. தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று பையன் போய்விட்டான். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். விசாரணை நடந்தது. அறிக்கைகள் வந்தன. அனுதாபங்கள் வந்தன. இந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அனுதாபத்துக்கு வராது.

நார்த்தாமலை என்றால் விஜயாலய சோழீஸ்வரம். தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் யாரும் செங்கல் வைக்கக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். 2010 முதல் இது சட்டம். நல்ல சட்டம். கல்லுக்கு 300 மீட்டர் என்று கணக்காக எழுதியவர்கள், தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை மீட்டர் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

பையன் அடிபட்டதும் தளத்தைத் தற்காலிகமாக மூட உத்தரவு வந்தது. உடனே வந்தது. கவனியுங்கள், உடனே. நிபுணர் குழு இல்லை, ஆய்வறிக்கை இல்லை, டெல்லி ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. பூட்ட முடியும் என்பது அன்று தெரிந்தது. அன்றுவரை முடியாமல் போனதற்குக் காரணமாக எது குறைந்திருந்தது என்பதும் தெரிந்தது.

செங்கல்பட்டுப் பக்கம் அனுமந்தபுரம் பயிற்சித் தளத்தில் வேறு வகைக் கொடுமை. வெடிக்காமல் கிடக்கும் குண்டைப் பழைய இரும்பு என்று எடுத்துப் போய், தட்டிப் பார்த்து, கையும் உயிரும் போனவர்கள் உண்டு. சாயப்பட்டறைக் கழிவை வெளியே விட்டால் பட்டறைக்காரர் குற்றவாளி. ராணுவக் கழிவு வெளியே கிடந்தால் அதைப் பொறுக்கியவர் குற்றவாளி.

“ராணுவப் பயிற்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையே சமநிலை காண வேண்டும்” என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது. தராசு யார் கையில் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. சுட இடம் கொடுக்கும் சட்டம் 1938இல் வெள்ளைக்காரன் எழுதியது: படைப் பயிற்சி, களச் சுடுபயிற்சி, பீரங்கிப் பயிற்சிச் சட்டம். அவன் போய் எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சட்டம் பத்திரமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு 2006இல் ஓர் அறிவிக்கை வந்தது. தேசப் பாதுகாப்புத் திட்டம் என்றால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று அதிலேயே விலக்கு. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் ராணுவ முக்கியத்துவமுள்ள சாலை போன்ற திட்டங்களுக்கும், பாதுகாப்புக் கட்டமைப்பு என்றால் 10 ஹெக்டேர் வரைக்கும் விலக்கு. சமநிலை என்பது இதுதான். ஒரு தட்டில் விலக்கு. மறு தட்டில் ஜூன் 5 அன்று நடும் மரக்கன்று.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: “அப்படியானால் வீரர்கள் அட்டைத் துப்பாக்கியில் பழக வேண்டுமா? உனக்குத் தேசப்பற்று இல்லையா?”

ஆரணிக்காரனிடம் இதைக் கேட்கக் கூடாது. 1751இல் கிளைவின் படையும் பிரெஞ்சுப் படையும் மோதியது இங்கேதான். 1782இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி கூட்டும் மோதியதும் இங்கேதான். துப்பாக்கிச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. வீரர் சுடப் பழகத்தான் வேண்டும். குறி தவறாமல் பழக வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கையும்.

அதற்கு வழியும் இருக்கிறது. குண்டு மேலே எகிறாமல் தடுக்கும் தடுப்புகள், நாலு பக்கமும் சுவர், கூரை போட்ட உள்ளரங்கத் தளம், ஈயத்தைப் பிடித்து வைக்கும் பொறி, ஆண்டுக்கு ஒருமுறை மண்மேட்டைச் சலித்து ஈயத்தை எடுப்பது, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது. ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அமெரிக்கா ஒன்றும் அகிம்சை ஆசிரமம் அல்ல. அங்கேயே 1997இல், மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் நிலத்தடி நீர் கெடுகிறது என்று சொல்லி, ராணுவத் தளத்தில் சுடுவதை அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை நிறுத்தியது. நம் ஊரில் ஒரு மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் அப்படி ஒரு நோட்டீஸோடு தளத்தின் வாசலில் போய் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அவருடைய மாற்றல் உத்தரவு அவர் வீடு திரும்பும் முன்பே வந்திருக்கும்.

நம் ராணுவத்துக்கு மண்ணைக் காக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1982இல் தொடங்கிய சூழலியல் பட்டாலியன், சுண்ணாம்புச் சுரங்கங்கள் குதறிப் போட்ட முசூரி மலைகளில் மரம் வளர்த்துக் காட்டியது. மனதாரக் கைதட்டுகிறேன். ஆகவே தெரியவில்லை என்ற சமாதானம் செல்லாது.

ஆனாலும் இங்கே பல பத்தாண்டுகள் நடந்த தளங்கள் மூடியது மக்கள் விடாமல் எதிர்த்த பிறகுதான். ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டில் 1964 முதல் பீரங்கிப் பயிற்சி. அறிவிக்கையில் சிக்கியவை 245 கிராமங்கள். 1994 மார்ச்சில் பழங்குடிப் பெண்கள் ராணுவ வண்டிகளை மறித்தார்கள். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2022 ஆகஸ்டில்தான் மாநில அரசு இனி நீட்டிப்பில்லை என்றது. காஷ்மீரின் தோஸமைதான் மேய்ச்சல் நிலத்தை ராணுவத்திடமிருந்து திரும்பப் பெற ஐம்பது ஆண்டு ஆனது, 1964இலிருந்து 2014 வரை. அதற்குள் வெடிக்காத குண்டுகளுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

சரி, மறிக்க வேண்டாம். நாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமக்கள். மரியாதையாகக் கேட்போம். பசுமலைப்பட்டி மண்ணில் எத்தனை கிலோ ஈயம் புதைந்திருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே! இருக்கிறது. விலக்குப் பெற்ற அமைப்புகளைப் பட்டியலிடும் அதன் இரண்டாம் அட்டவணையும் இருக்கிறது. மத்திய தொழிற்பாதுகாப்புப் படை அந்த அட்டவணையில் இருக்கிறது. கேள்வி ஊழல் அல்லது மனித உரிமை மீறல் பற்றியதாக இருந்தால் மட்டுமே பதில் வரும். ஆகவே கிணற்றில் இறங்கும் ஈயம் ஊழலா, மனித உரிமை மீறலா என்று முதலில் நமக்குள் பேசி முடிவு செய்துகொண்டு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து அனுப்ப வேண்டும்.