மிளகு ஊறிய தண்ணீர்

கேள்வி: துணிக்கடைக்காரருக்கு நுண்ணுயிரியலில் என்ன வேலை?

பதில்: நூலை எண்ணும் வேலைதான்! ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்த ஆன்டனி வான் லேவன்ஹூக் (1632–1723) ஜவுளி வியாபாரி. துணியின் நெசவைப் பார்க்க அந்தக் காலத்து ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருந்தார்கள். இவரோ தாமே வில்லை தேய்க்கத் தொடங்கினார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் தகடு, நடுவில் மணி போல ஒரு குட்டி வில்லை, எதிரே ஊசிமுனையில் பார்க்கவேண்டிய பொருள், கருவி அவ்வளவுதான். இன்றும் எஞ்சியிருப்பவற்றில் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். துகள்கள் முள் போல நாக்கைக் குத்துகின்றனவோ என்று நினைத்து மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் முள்ளைக் காணோம்; கணக்கற்ற குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676இல் இதை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். லத்தீன் தெரியாது, எழுதியது டச்சு மொழியில். படித்தவர்கள் லேசில் நம்பவில்லை. பாதிரிமார் உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்களைக் கண்ணால் பார்க்கவைத்து, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பவேண்டியிருந்தது. 1677இல் சொசைட்டியின் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தாமே சோதித்துப் பார்த்து உண்மைதான் என்றார். 1680இல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி வந்தது.

1683இல் தம் பல் அழுக்கையே சுரண்டிப் பார்த்து, அங்கேயும் உயிர்கள் இருப்பதாக எழுதினார். மிளகின் காரத்துக்கு மட்டும் கடைசிவரை முள் அகப்படவில்லை.