கவிஞர் தட்டச்சு செய்கிறார்

ஸ்பெயினின் மேற்கோரத்தில் எக்ஸ்ட்ரெமதூரா என்றொரு பிராந்தியம். வசதியான சீமையல்ல. 2002-இல் அதன் அரசு, டெபியன் லினக்ஸைத் தழுவி ‘லினெக்ஸ்’ என்ற சொந்த இயங்குதளத்தை வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. உரிமக் கட்டணம் கிடையாது.

அதோடு விட்டார்களா? பெயர்சூட்டு விழாவும் நடத்தினார்கள். கடிதம் அடிக்கும் அபிவேர்டுக்கு மண்ணின் கவிஞர் எஸ்ப்ரொன்சேதாவின் பெயர். படம் திருத்தும் கிம்ப்புக்கு ஓவியர் சுர்பரானின் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் துறவிகளைத் தீட்டிய மகான், பையன்களின் முகப்பருவை அழிக்க வந்து சேர்ந்தார்.

2011-இல் ஆட்சி மாறியது. வளர்த்த பிள்ளையை மத்திய அமைப்பொன்றின் வாசலில் விட்டுவிட்டு நகர்ந்தது அரசு. மண்ணின் மைந்தர்கள் ஓய்ந்துவிட்டார்கள். தொடங்கியவர் தன் பெயரோடு காதலியின் பெயரைச் சேர்த்துப் பெயரிட்ட டெபியன் மட்டும் 1993-லிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.