ட்ரம்ப்பு மடியில உக்கார வெச்சா காது குத்துவே?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. மொகம் ஏன் இப்புடித் தொங்குது? சொல்லாண்டாம், சேதி எனக்கு வந்துருச்சு. ஒறம்பரை ஊட்டு ரகசியம் ஒண்ணு உண்டா இந்த ஊருல?

மாமனோட பேச்சு வார்த்தை நின்னு போச்சாமா? எதுக்குன்னு உங்கம்மாளைக் கேட்டேன். "என்னமோ வெளியுறவுக் கொள்கையாமுங்க"ன்னாள். குடிச்ச மோரு பொரையேறிப் போச்சு எனக்கு. வரப்புத் தகராறு பாத்துருக்கறேன். பொதுக்கெணத்துல மொறைத்தண்ணித் தகராறு பாத்துருக்கறேன். சீர்ல கொறைன்னு பந்தியில எந்திரிச்சுப் போனவங்களையும் பாத்துருக்கறேன். தாய்மாமனுக்கும் மாப்பளைக்கும் நடுவால புடின் வந்து உக்காந்ததை இப்பத்தான் பாக்கறேன்.

அவரு என்ன சொன்னாராமா? ரசியாக்காரன்கிட்ட எண்ணெய் வாங்கறது நம்ம உரிமை, அமெரிக்காக்காரனே அவன்கிட்ட யுரேனியமும் உரமும் வாங்கறான், நமக்கு மட்டும் என்ன அபராதம்னாராமா. நீ என்ன சொன்னியாமா? சல்லிசா எண்ணெய் வாங்குனீங்களே, பங்குல பெட்ரோல் நூறு ரூவாய்க்குக் கீழ எறங்குச்சான்னு கேட்டியாமா. ஹூஸ்டன்லயும் அகமதாபாத்துலயும் நம்ம பிரதமரும் ட்ரம்ப்பும் கட்டிப்புடிச்சுக்கிட்டதுக்கு என்ன பலன்னும் கேட்டியாமா.

ரண்டும் நல்ல கேள்விதான் சாமி. உக்ரைன் சண்டைக்கு மின்னால நாம வாங்குன எண்ணெயில ரசியாச் சரக்கு நூத்துக்கு ரண்டு கூடத் தேறாது. பொறவு மூணுல ஒரு பங்கைத் தாண்டிருச்சு. அதுல கொஞ்சத்தைக் குசராத்துப் பக்கம் காய்ச்சி டீசலாக்கி ஐரோப்பாக்காரனுக்கே வித்தாங்க. அவனும் மூக்கைப் புடிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டான். அப்ப மாமன் சொன்னதும் நெசம், நீ சொன்னதும் நெசம். அப்பறம் எதுக்கு எலையில பாதிச் சோத்தை வெச்சுட்டு எந்திரிச்சீங்க?

நான் சொல்லட்டுமா? மாமன் சொன்னது அவரு போனுக்குக் காலையில வந்தது. நீ சொன்னது உன்ற போனுக்கு ராத்திரி வந்தது. ரண்டு போனும் பேசிக்கிச்சு. நீங்க வாயை வாடகைக்கு உட்டீங்க, அவ்வளவுதான்.

செரி, அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல போட்ட இந்த வரியை யாரு கட்டறதுன்னு உங்கள்ல ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா? படிச்சவனாச்சே, சொல்லு பாக்கலாம். முழிக்காதே. கட்டறவன் அமெரிக்காவுல சரக்கை எறக்கறவன். பருத்தி டீசர்ட்டுக்கு அங்க எப்பவுமே 16.5 சதவீதம் வரி உண்டு. 2025 ஆகஸ்ட் 7ல அதுக்கு மேல 25 வெச்சாங்க. ரசியா எண்ணெய்க்கு அபராதம்னு ஆகஸ்ட் 27ல இன்னொரு 25. அன்னைக்குத்தான் பிள்ளையார் சதுர்த்தி. வாசிங்டன்ல நடுராத்திரி, நமக்குக் காலையில ஒம்பதரை. நீங்கெல்லாம் கொழுக்கட்டை புடிச்சுட்டு இருந்தீங்க. அப்ப 5 டாலர் சட்டைக்கு 3 டாலருக்கு மேல வரியே வந்துச்சு. அதே சட்டை டாக்காவுல இருந்தோ வியட்நாம்ல இருந்தோ போனா அப்ப மேல்வரி 20தான். அந்த அமெரிக்காக் கடைக்காரன் எங்க போவான்? போகாம இங்கயே நிக்கோணும்னா திருப்பூர்க்காரனைக் கூப்புடுவான். "வெலையைக் கொறை, வரியில பாதியை நீ சொமந்துக்க"ம்பான். ஆர்டர் எடுத்தவரு ஜாப் ஒர்க் பண்றவனைக் கூப்புட்டுப் பீஸ் ரேட்டைக் கொறைப்பாரு. அவன் சனிக்கிழமைச் சம்பளத்துல கை வெப்பான். அங்க போட்ட கையெழுத்து, பெருமாநல்லூர் ரோட்டுல ஓவர்லாக் அடிக்கற புள்ளையோட சீட்டுப் பணத்துல வந்து நிக்குது.

உன்ற மாமன் என்ன தொழில் பண்றாரு? ஜாப் ஒர்க்குதானே?

இப்பப் புரியுதா? நாலு லைன் ஓடுன கம்பெனியில ரண்டு லைன் நின்னு கெடக்குது. பேங்குக்காரன் தவணை கேக்கறான். அதைச் சொல்ல அவருக்கு மானம் தடுக்குது. அதும் அக்கா மகன்கிட்ட. அதனாலதான் தேசம், கௌரவம், தலை நிமிந்து நிக்கறதுன்னு பெருசு பெருசாப் பேசறாரு. தன்ற கட்சி எடுத்த முடிவு தப்புன்னு ஒத்துக்கிட்டா, ஓட்டுப் போட்ட கைக்கும் நட்டம், துணி வெட்டுன கைக்கும் நட்டம். ஒரு நட்டம் போதும்னு இருக்கறாரு. நீ போயி "உங்க ஆளு சிநேகிதன்தானே வரி போட்டான்?"னு கேட்டா மனுசனுக்கு எங்க எரியும்?

உன்னையும் உடறதா இல்லை. நீ ஏகாதிபத்தியம் ஏகாதிபத்தியம்னு நீட்டி முழக்குனியாமா. அது என்ன பண்டமோ எனக்குத் தெரியாது. நீ சம்பளம் வாங்கறது ஆரு கம்பெனியில? ராத்திரி ரண்டு மணி வரைக்கும் ஆருக்குக் கம்ப்யூட்டர்ல பதில் சொல்றே? அமெரிக்கா அடி ஆவணியில மாமனுக்கு வந்துச்சு, புரட்டாசியில உனக்கு வந்துருச்சு. புதுசா எச்1பி விசா எடுக்கோணும்னா ஒரு லட்சம் டாலர்னாங்க பாரு. அன்னைக்கு மாமன் உன்னையப் பாத்துச் சிரிச்சாரா? இல்லை. உங்கம்மாளுக்குப் போன் போட்டு, "பையன் போறதாச் சொன்னானே, என்னக்கா ஆச்சு?"ன்னு கேட்டாரு. இது உன்ற போன்ல வந்துருக்காது.

இதெல்லாம் புதுசுன்னா நெனைக்கறே? நான் பள்ளிக்கொடத்துல படிக்கறப்ப, 1965, 66ல, மழை பொய்ச்சுப் போச்சு. வடக்க பஞ்சம். அமெரிக்காவுல இருந்து கப்பல் கப்பலாக் கோதுமை வந்துச்சு. அப்பவும் நாம வாயைச் சும்மா வெச்சிருக்கலை. வியட்நாம்ல குண்டு போடறதை நிறுத்துன்னு சொன்னோம். அமெரிக்க அதிபரு ஜான்சனுக்குக் கோவம் வந்துருச்சு. வருசத்துக்கு மொத்தமாத் தராம, மாசத்துக்கு இத்தனைன்னு அளந்து உட்டாரு. ஒரு கப்பல் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த கப்பலுக்குக் கையேந்தோணும். எங்கூருச் சாவடியில ரண்டு பேரு மல்லுக்கு நிப்பாங்க. ஒருத்தன் அமெரிக்கா ஒழிகம்பான், இன்னொருத்தன் ரசியா ஒழிகம்பான். ரண்டு பேரு வகுத்துலயும் ஒரே ரேசன் கோதுமை.

அப்ப டில்லியில சோத்து மந்திரி ஆரு? நம்ம பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரரு, சி. சுப்பிரமணியம். அவரு ஜான்சனோட வாயாடலை. மெக்சிகோவுல இருந்து 18,000 டன் வெதைக் கோதுமையை எறக்குனாரு. அந்நியன் வெதையான்னு பார்லிமென்டுல வெளுத்து வாங்குனாங்க. மனுசன் தான் குடியிருந்த பங்களாப் புல்தரையைக் கொத்தி அங்கயே வெதைச்சுக் காட்டுனாரு. தோட்டக்காரன் புத்தி, வேறென்ன? அஞ்சாறு வருசத்துல கப்பலுக்குக் காத்துருக்கறது கொறைஞ்சு போச்சு. ஒழிகன்னு கத்துன ரண்டு பேருல ஒருத்தராச்சும் ஒரு மூட்டை வெதை சொமந்தாங்களா?

இன்னொண்ணு பாரு. 2019 அக்டோபர்ல மாமல்லபுரத்துல நம்ம பிரதமரு வேட்டி கட்டிக்கிட்டுச் சீன அதிபருக்கு எளநி குடுத்தாரு. மறு வருசம் ஜூன்ல எல்லையில கல்வான்ல சீனாக்காரனோட மோதுனதுல நம்ம பட்டாளத்துப் பசங்க 20 பேரு செத்தாங்க. அந்த மாசமே டிக்டாக்கோட சேத்து 59 சீனாச் செயலியைத் தடை பண்ணுனாங்க. "சீனாச் சாமானைத் தொடாதே"ன்னு உன்ற மாமன் எல்லாத்துக்கும் சேதி அனுப்புனாரு. சீனாக்காரன் போன்லதான் அனுப்புனாரு, அதை உடு. 2025ல இந்த 50 சதவீத வரி வந்து நாலே நாள்ல, சீனாவுல தியான்ஜின்ல ரண்டு தலைவருங்களும் கை குலுக்கிச் சிரிச்சுப் பேசுனாங்க.

நான் குத்தம் சொல்லலை. தேசம் பொழைக்கோணுமில்ல? அவுங்க தோதுக்குத் திரும்பிக்கறாங்க. அன்னைக்கு நேரு காலத்துலயும் சீனாக்காரனோட தோள்ல கை போட்டுட்டு, 1962ல அடி வாங்கிட்டு, மறுபடியும் பேசத்தான் பேசுனோம். நீங்க ரண்டு பேருதான் போன வருசம் அவுங்க நின்ன எடத்துலயே நின்னுட்டுக் கழுத்தை நெறிக்கறீங்க. பக்கத்துத் தோட்டத்து எருதுக ரண்டு முட்டிக்கிச்சுன்னு உன்ற வரப்பை நீயே வெட்டி உட்டாப்புல இருக்குது.

அட, வாதம் பண்ணவே கூடாதான்னு கேக்கறே. பண்ணு. ஆரு வேண்டாம்னா? பேச்சில்லாத ஒறம்பரை எழவு ஊட்டுல கூட வெளங்காது. ஆனா நீ கேக்கறது கேள்வியா, இல்லை குத்தறதுக்கு எடம் தேடறியான்னு உனக்கே தெரியுமில்ல? மாமன் மின்னொருக்கா உங்க அப்பனைப் பந்தியில கவனிக்கலைங்கற பழைய கணக்கு, ட்ரம்ப்பு கோட்டை மாட்டிக்கிட்டு வந்துருக்குதா? எனக்கென்னமோ அப்புடித்தான் படுது. இங்க ட்ரம்ப்பைப் பத்தி நடந்த சண்டையில முக்காவாசி சீர்த்தட்டுச் சண்டைதான்.

தை மாசம் உன்ற பையனுக்குக் காது குத்தோணும்னு உங்கம்மா சொன்னாள். ஆரு மடியில உக்கார வெப்பே? ட்ரம்ப்பைக் கூப்புடுவியா? புடின் தோடு வாங்கிட்டு வருவாரா? ஐக்கிய நாட்டுச் சபையில இருந்து மொட்டை அடிக்க ஆளு அனுப்புவாங்களா?

நான் சொல்றதைச் செய்யி. சனிக்கிழமை சாயங்காலம் மாமன் கம்பெனிக்குப் போ. சம்பளம் போடற நேரம், கண்டிப்பா இருப்பாரு. அமெரிக்கா, ரசியா, சீனான்னு ஒரு ஊருப் பேரு வாயில வரப்படாது. "மாமா, பையர் எவ்வளவு தள்ளுபடி கேக்கறான்?"னு ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டுப் பொட்டாட்ட உக்காந்துக்க. மொதல்ல மொறைப்பாரு. அப்பறம் டீ சொல்லுவாரு. அப்பறம் நோட்டை எடுத்துக் கணக்குக் காட்டுவாரு. டீ ஆறிப்போனாலும் எந்திரிக்காதே. நடுவால தன்ற கட்சிக்காரனையே நாலு வார்த்தை வைவாரு. அப்ப நீ சேந்து வையாதே. அதுதான் கஷ்டம், தெரியும். நாக்கைக் கடிச்சுக்க.

வைஞ்சு முடிச்சதும் உன்ற கட்சியையும் வைவாரு. அதுக்கும் இரு.

அப்பறம், தீவாளிக்கு எல்லாரும் ஒட்டுக்கா உக்காரறப்ப என்னைய நடுவால போட்டு நாயம் கேக்க வேண்டாம். எனக்கு ரண்டு காதுலயும் மிசின் மாட்டி உட்டுருக்கறான் டாக்டரு. புடின் பேரு வந்த ஒடனே கழட்டி ஜோப்புல போட்டுக்குவேன். முறுக்கு மட்டும் இந்தப் பக்கம் தள்ளி உடச் சொல்லு.