தாயம் விழாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

கட்டம் கட்டிக் காய் நகர்த்தும் ஆட்டங்கள் ஏன் இன்னும் ஒழியவில்லை என்ற கேள்வியை அறிஞர் உலகம் உரிய கவலையோடு அணுகியதாகத் தெரியவில்லை. தொலைக்காட்சி வந்தது, வீடியோ கேம் வந்தது, கைபேசி வந்தது. ஆனாலும் மே மாதத்தில் நான்கு உறவினர்கள் ஒரு வீட்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டால், இரண்டு நாளைக்குள் யாராவது ஒருவர் சாக்பீஸ் தேடத் தொடங்கிவிடுகிறார். கரண்ட் போய்விட்டால் முதல் நாளே. அந்தத் தேடலின் காரணத்தைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் இதற்கு இரண்டு விளக்கங்கள் தந்துள்ளனர். ஒன்று, மூளை வளரும். இக்கருத்து பெரும்பாலும் ஆட்டப் பெட்டிகளின் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் இதை விற்பனைத் தரப்பு வாதம் என்று தள்ளிவிடலாம். மேலும், ஆயுசு முழுக்கத் தாயம் ஆடியும் மூளை வளராதவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. மற்றொன்று, குடும்பம் ஒற்றுமைப்படும். இதைச் சொன்னவர்கள் யாரும் எங்கள் அத்தையோடு ஆடியதில்லை.

இவ்வாய்வின் கருதுகோள் வேறு. ஜெயித்தால் என் சாமர்த்தியம், தோற்றால் கட்டையின் குற்றம் என்று சொல்லிக்கொள்ள எந்த ஆட்டம் இடம் கொடுக்கிறதோ, அந்த ஆட்டத்துக்குச் சாவில்லை.

முதலில் தொன்மைச் சான்றுகள். ஈராக்கின் ஊர் என்னும் பழைய நகரத்தில் அரச கல்லறைகளை 1920களில் லியோனார்ட் வூலி தோண்டியபோது 20 கட்டங்கள் கொண்ட ஆட்டப் பலகைகள் கிடைத்தன. வயது சுமார் 4,500 ஆண்டு. இந்த 20 கட்ட ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் பாபிலோனியக் களிமண் பலகையோ கி.மு. 177ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அதைப் படித்துப் பொருள் சொன்னவர் இர்விங் ஃபிங்கெல். ஆக, அந்த ஆட்டப் பலகைக்கும் இந்த விதிக்கும் நடுவே 2,000 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. அவ்வளவு காலமும் “எங்க வீட்ல இப்படித்தான்” என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்தே சமாளித்திருப்பார்கள் போலும். கடைசியில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் களிமண்ணைப் பிசைந்து எழுதிவைத்தார். அவர் அன்றைக்குத் தோற்றவராகத்தான் இருக்க வேண்டும். ஜெயித்தவருக்கு விதிப் புத்தகம் எதற்கு?

நம் பக்கம் கீழடியிலும் பகடை கிடைத்திருக்கிறது. கூடவே புகார் மனு எதுவும் கிடைக்கவில்லை, ஓலை மக்கியிருக்கும். பாரதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாட்டை வைத்து, தம்பிகளை வைத்து, மனைவியையும் வைத்து ஆடியவர் தருமர். ஆனால் திண்ணைகளில் இன்றுவரை திட்டு வாங்குவது சகுனியின் பகடை. கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இனி ஆய்வின் மையப் பகுதி. தாயக்கட்டை என்பது விரல் நீளப் பித்தளைத் துண்டு. அதற்கு நான்கு நீளப் பக்கங்கள். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி குத்தியிருக்கும். நான்காவது வெறும் பக்கம். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்ட வேண்டும். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். தாயம் போட்டால்தான் காய் இறங்கும். இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றுமே இல்லாததற்கு உச்ச மதிப்பெண் தரும் துறைகள் வேறு சிலவும் உண்டு என்றாலும் அவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன.

கட்டைகள் யோக்கியமானவை என்று வைத்துக்கொள்வோம். விழக்கூடிய வகை மொத்தம் 16. அதில் தாயம் 2. எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் என்பது சராசரிக் கணக்கு. சராசரி யார் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்து ஆடுவதில்லை என்பதுதான் சிக்கல். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமலிருக்க 100க்கு 26 வாய்ப்பு உண்டு. லூடோவில் ஆறு விழாமலிருக்க அதே பத்து முறையில் 100க்கு 16 தான்; 1896இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய வெள்ளைக்காரருக்கு இளகிய மனம். அடுத்து வருவது இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. நான்கு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது பத்து முறை உருட்டியும் இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்க 100க்கு 70 வாய்ப்பு. அதாவது பெரும்பாலான ஆட்டங்களில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் தயாராகிவிடுகிறார். யாரும் அவருக்குச் சதி செய்ய வேண்டியதில்லை. கணக்கே அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

இறங்க முடியாதவரின் நடத்தை படிப்படியாக மாறுவது உற்றுநோக்கத் தக்கது. முதல் இரண்டு மூன்று உருட்டல்களில் புன்னகை. பிறகு கட்டையைத் தேய்க்கும் நேரம் நீள்கிறது. பித்தளை சூடேறினால் இளகிவரும் என்று நம்பிக்கை. அப்புறம் உட்காரும் திசையை மாற்றுகிறார். அதற்கும் விழவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் கூப்பிட்டு “நீ போடு கண்ணு, உன் கை ராசி” என்கிறார். குழந்தைக்கும் விழாவிட்டால் குழந்தை அங்கிருந்து விரட்டப்படுகிறது. இத்தனை படிகளிலும் “நான் ஆடத் தெரியாதவன்” என்ற முடிவுக்கு மட்டும் அவர் வந்தபாடில்லை. அதேசமயம், முதல் உருட்டலிலேயே தாயம் விழுந்தவர் எவரும் கட்டைக்கு நன்றி சொல்லிக் கேட்டதில்லை. மணிக்கட்டைச் சுழற்றும் விதத்தில் ஒரு நுட்பம் இருப்பதாக விளக்கத் தொடங்கிவிடுகிறார்.

பிற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். செஸ்ஸில் தோற்றவர் யார்மேல் பழி போடுவார்? ராணி மேலா? அதனால்தான் தோற்றவர்கள் தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். பரமபதத்தில் நேர்மாறு: ஏணியும் பாம்பும் விழுந்த எண்ணுக்கு வருகின்றன, வைகுண்டம் போய்ச் சேர்ந்தாலும் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அதை வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள், சரியான தீர்ப்பு. மோனோபொலியின் கதை இன்னும் வேடிக்கை. நிலவுடைமையாளர் கொழுப்பது எப்படி என்று காட்டி மக்களைத் திருத்த எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டம்தான் அதன் மூலம். மக்கள் திருந்தவில்லை. வாடகை வசூலிப்பதில் தமக்கு இயல்பான திறமை இருப்பதைக் கண்டுகொண்டார்கள். திவாலானவர்கள் பகடையைக் குறை சொன்னார்கள். தாயத்தில் எண் கட்டையுடையது, எந்தக் காயை நகர்த்துவது என்ற முடிவு நம்முடையது. பழிக்கும் புகழுக்கும் தனித்தனி வாசல்.

களஆய்வு திருநெல்வேலிப் பக்கத்து வீடொன்றின் பட்டாசலில், சிவப்புச் சிமெண்டுத் தரையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஆய்வு அறம் கருதித் தகவலாளிகள் ஆச்சி, அத்தை, அத்தையின் மருமகன், பேத்தி என்றே குறிக்கப்படுகின்றனர். காய்களாக வளையல் துண்டு, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, உடைந்த ஈர்க்குச்சி. பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை. அங்கே நிற்கும் காயை வெட்டக் கூடாது. ஒரு வெட்டாவது வெட்டாமல் உள் கட்டத்துக்குள் நுழையவும் கூடாது. மாமியார் வீட்டுக்கு விருந்து வந்த மருமகனை இக்கடைசி விதி எந்த நிலைக்குத் தள்ளும் என்பதை விதி செய்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சற்று முன்புதான் “இன்னும் ரெண்டு அப்பளம் வைக்கட்டுமா மாப்பிள்ளை” என்று கேட்ட அத்தை, சுற்றி முடித்துப் பழமாகப் போகும் தறுவாயில் இருந்த மாப்பிள்ளையின் பொத்தானை ஒரு மூன்று போட்டு வெட்டி, கட்டத்துக்கு வெளியே எடுத்து வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மாப்பிள்ளை மறுபடி இறங்க வேண்டும். உருட்டினார். தாயம் விழுந்தது.

“அது செல்லாது மாப்பிள்ளை. கட்டை ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு.”

“ஏறலையே அத்தை, சாஞ்சுதான கெடக்கு.”

“சாஞ்சாலும் ஏறுனதுதான். வேணும்னா எங்கம்மைட்ட கேட்டுப் பாருங்க.”

ஆச்சியும் ஆட்டத்தில் இருக்கிறார், அவர் காய் மாப்பிள்ளை இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆச்சி தரையோடு குனிந்து பார்த்தார். “மாப்பிள்ளை போட்டது செல்லும். ஆனா காய எறக்கப்பிடாது” என்றார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. பேத்தி மட்டும் கட்டையைப் பார்த்துவிட்டு, “எல்லாம் இந்தத் தரை மேடு பள்ளமா இருக்கதால” என்றாள். பழி போடும் கலை தரை வரைக்கும் விரிவடைந்திருப்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

இக்கருதுகோளுக்கு ஒரு மறுப்பு எழலாம். கைபேசி லூடோவில் கட்டை ஏறாது, சாயாது, பீரோவுக்கு அடியில் ஓடாது. நின்ற கட்டத்தையும் சேர்த்து எண்ணி ஒரு கட்டம் குறைத்து வைக்க முடியாது. பழி போட ஆளும் இல்லை, பொருளும் இல்லை. கணக்குப்படி அது எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆனால் 2020 ஊரடங்கில் அதை ஆடாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. மறுப்பு வலுவானதுதான். ஆகவே இதையும் ஆச்சியிடமே கேட்டேன்.

“அதுக்குள்ள ஒருத்தன் இருக்காம்லா, அவனுக்கு வேண்டியவுகளுக்கு மட்டும் ஆறு ஆறா போடுதான்.”

யார் அந்த வேண்டியவர்கள் என்றதற்கு, அன்று ஜெயித்திருந்த பேத்தியைக் கைகாட்டினார்.