நிலத்தின் மேல் ஒரு தடாகம்: பாவித்த நீச்சல் தொட்டி வாங்குவது குறித்துப் பாலமுனையில் ஓர் ஆய்வு

கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் ஒலுவிலைத் தாண்டி அட்டாளைச்சேனையைத் தொடுமுன் வருகிறது பாலமுனை. இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு ஒருவர் நீச்சல் தொட்டி வாங்குவதா வேண்டாமா என்று யோசித்தால், அதை ஆய்வுக்குரிய பொருள் என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வைத்தியருக்குரிய பொருள் என்பார்கள். எங்கள் மாமி அப்படித்தான் சொன்னார். ஆனால் மாமிமாரின் ஆட்சேபத்துக்குப் பயந்து அறிவுலகம் என்றைக்கு நின்றது?

முதலில் ஆய்வுப்பொருள். விட்டம் 12 அடி, உயரம் 30 அங்குலம், வட்ட வடிவம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தொங்கும் நீலநிறப் பீ.வீ.சீ. உறை. கூடவே ஒரு சின்ன மோட்டர், வடிகட்டி வைக்கும் கூடு (வடிகட்டி இல்லை), ஏணி (ஒரு கால் இல்லை). சவூதியிலிருந்து டோர்-டு-டோர் கார்கோவில் வந்து, பக்கத்து ஒழுங்கையில் ஒருவரின் அறையில் நெல் மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கிடந்தது. கேட்ட விலை முப்பத்தையாயிரம்.

"கடல் கிடக்கக்குள்ள இதென்னத்துக்கு?" என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் மேற்கொண்டு வரமாட்டார். கடலில் குளிப்பது எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளின் காரியம். பெண்பிள்ளைகளுக்குக் கடற்கரை என்பது பின்னேரம் உம்மாவோடு போய், காலை நனைத்து, சோளம் தின்று, மஃரிபுக்கு முன் திரும்பிவிடுகிற இடம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் கடற்பயத்தை வீட்டில் ஊட்டித்தான் வளர்த்தார்கள். ஆகவே கடலோர ஊர் ஒன்றில் நீந்தத் தெரியாத சனத்தொகை கணிசமாக இருப்பது முரண் அல்ல. மதிலுக்குள்ளே இரண்டடித் தண்ணீர் என்றால், அதில் உம்மாவும் இறங்கலாம், மகளும் இறங்கலாம். இந்த ஒரு வாதத்தை மட்டும் மாமியால் வெட்ட முடியவில்லை.

இனி முன்னோர் ஆய்வுகள். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் ஆழம்; ஒழுகாமலிருக்க நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்தத் தொட்டியைப் 'பாவித்தது' என்று சொல்லி யாரும் விலை குறைத்துக் கேட்டதில்லை என்பதை எங்கள் விற்பனையாளர் அறிந்திருந்தால் முப்பத்தையாயிரத்தில் நின்றிருக்கமாட்டார். அநுராதபுரத்து இரட்டைக் குளத்தில், நீர் குளத்துக்குள் வருமுன் சேறு படிவதற்கென்றே சிறு தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆய்வுப்பொருளின் வடிகட்டிக் கூடு வெறுமையாக இருப்பதைக் காணும்போது அந்தக் கொத்தர்மேல் மரியாதை கூடுகிறது. கிட்டத்து உதாரணம் வேண்டுமானால் 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. தண்ணீரைக் கல்லால் மறித்துக்கட்டும் முயற்சிகளில் இந்தக் கரை கண்ட மிகப்பெரியது அது. வாயிலில் மணல் வந்து அடைந்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது. தொட்டியை வைக்குமுன் மணல் எந்தப் பக்கம் நகரும் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. எங்களூர்க் கவிஞர் பாலமுனை பாறூக் தம் தொகுதி ஒன்றுக்குச் 'சந்தனப் பொய்கை' என்று பெயர் வைத்திருக்கிறார். தலைப்பை நம்பி அதில் தண்ணீர்க் கணக்குத் தேடிய என் மச்சான் மட்டும் ஏமாந்துபோனார்.

மார்க்கத் தரப்பை விட்டுவிட முடியாது. நாங்கள் ஷாபி மத்ஹபுக்காரர், அதாவது அந்தச் சட்டப்பள்ளியைப் பின்பற்றுகிறவர்கள். ஷாபி நூல்களில் 'இரண்டு குல்லா' என்றொரு அளவு உண்டு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 216 லீற்றர். அந்த அளவுக்குக் குறைந்த தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலே அது பாழ். அளவை எட்டிவிட்டால், நிறம், மணம், சுவை மூன்றில் ஒன்றாவது மாறினால்தான் பாழ். வியப்பு என்னவென்றால், வட்டப் பாத்திரத்துக்கும் பழைய இமாம்கள் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு முழ விட்டம், இரண்டரை முழ ஆழம். பை (π) கொண்டு பெருக்கிப் பார்த்தால் சதுரக் கணக்கும் வட்டக் கணக்கும் மயிரிழையில் பொருந்துகின்றன. எங்கள் தொட்டியில் இரண்டடிக்குத் தண்ணீர் விட்டால் 6,400 லீற்றர். அதாவது இரண்டு குல்லாவைப்போல முப்பது மடங்கு. பக்கத்து வீட்டுக் கோழி மதிலேறி வந்து செய்வதைச் செய்துவிட்டுப் போனாலும் சட்டப்படி தண்ணீர் தண்ணீர்தான். பாசி பிடித்து நிறம் மாறினாலும் மார்க்கச் சட்டமான ஃபிக்ஹில் மன்னிப்பு உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மஹாத்தயாவிடம் அந்த மன்னிப்பு கிடையாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் மத்ஹபு பார்ப்பதில்லை. மூடாமல், குளோரின் போடாமல் ஒரு பத்து நாள் விட்டால் முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும்.

ஆய்வின் மையத்துக்கு இப்போதுதான் வருகிறோம். நிலத்துக்குள் தோண்டிக் கட்டும் தடாகமா, நிலத்தின் மேல் நிற்கும் தொட்டியா என்ற கேள்வியை உலகம் பணத்தை வைத்துத் தீர்க்கிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையில் அதைத் தீர்ப்பது சீதனம். கொலராடோ பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் களப்பணி செய்து, 2008 இல் பெரிய நூலாக எழுதியதும் இதைப் பற்றித்தான்: இங்கே குடி தாய்வழி வரும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் வாப்பாவும் உம்மாவும் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கமோ அடுத்த காணிக்கோ பெயர்ந்துபோய் இன்னொன்று கட்டத் தொடங்குவார்கள். மெக்கில்வ்ரே நீச்சல் தொட்டி பற்றி எதுவும் எழுதவில்லை. அவர் விட்ட இடத்தை இங்கே நிரப்புகிறேன்.

இந்தக் கரையில் ஓர் ஆண் எந்தத் தரையிலும் நிரந்தரமாக நிற்பதில்லை. பிறந்த வீடு ராத்தாவுக்கு, வாழ்கிற வீடு மனைவிக்கு, கட்டுகிற வீடு மகளுக்கு. அப்படிப்பட்டவர் வளவைத் தோண்டி சீமெந்தில் தடாகம் கட்டினால், அது மருமகனுக்குத்தான். கழற்றி, மடித்து, த்ரீவீலரில் ஏற்றக்கூடிய தடாகம் ஒன்றே அவர் தனது என்று சொல்லத்தக்கது. மேலைநாட்டில் இந்தத் தொட்டி நிலத்தில் தோண்ட வசதியில்லாதவருக்கு. இங்கே தோண்டியும் பயனில்லாதவருக்கு. தாய்வழிக் கரைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் ஒரு பொருளை எங்கோ ஒரு தொழிற்சாலை தெரியாமலே செய்து அனுப்பியிருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் சமர்ப்பித்தபோது மனைவி, "அப்ப கழற்றி எடுத்துக்கிட்டு எங்க போற யோசன?" என்று கேட்டார். பதில் ஆய்வின் எல்லைக்கு வெளியே இருந்தது.

கள ஆய்வு அசர் தொழுகைக்குப் பிறகு, விற்பவர் முற்றத்தில். "ரெண்டு தரந்தான் தண்ணி விட்ட மச்சான், மத்தப்படி புதுச்சாமான்" என்றார். பாவித்த பொருள் விற்கிறவர்கள் மதம், மொழி, மாவட்டம் எதிலும் ஒன்றுபடாவிட்டாலும் இரண்டு என்ற எண்ணில் ஒன்றுபடுகிறார்கள். ஒரு தரம் என்றால் ஏன் விற்கிறாய் என்ற கேள்வி வரும். மூன்று என்றால் பழசு. உறை தந்த சாட்சியம் வேறு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. பீ.வீ.சீ.யை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலிலும் வயதிலும் வெளியேறிப்போனால் உறை விறைக்கும், மடித்த இடத்தில் முதலில் வெடிக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அடிப்பாகம் இன்னும் குழைந்தது, மேல்விளிம்பு அப்பளம். ஓரிடத்தில் சில்லறைக்காசு அளவில் எலி கடித்த ஓட்டை. நெல்லுக்குப் பக்கத்தில் படுத்ததற்கான வாடகை. குழாய்கள் சேரும் முழங்கைகளுக்குள் விரலை விட்டபோது செம்மஞ்சள் தூள் வந்தது. உப்புக்காற்றில் இப்படிப் பூச்சுப் பூசிய குழாய் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்கும், வெளியே பூச்சு மினுங்கிக்கொண்டிருக்கும். சட்டம் வாங்குகிறவர்கள் குழாயைத் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டவேண்டாம், மூட்டுக்குள் விரலை விடுங்கள்.

மோட்டரின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் 60 ஹேர்ட்ஸ். சவூதியின் மின்சாரம் 60, எங்களது 50. கட்டார், குவைத் சாமான் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. சவூதி மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், சூடு கூடும். "மெதுவா ஓடினா கரண்ட் மிச்சந்தானே" என்றார் விற்பவர். கூட வந்த என் மச்சான் தலையாட்டினார்.

தண்ணீர்க் கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதாக இல்லை. நீர்வழங்கல் சபை பில்லில் ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர். தொட்டியை நிரப்ப ஆறு அலகும் கொஞ்சமும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் 95 கோடி கன மீற்றர் கொள்ளும். அது பதினைந்து கோடித் தொட்டிக்குக் கிட்டத்தட்டப் போதும், வயல்காரர் விட்டால். கிணற்றிலிருந்து இறைப்பதுதான் யோசிக்க வேண்டியது. எங்கள் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. ஒரே மூச்சில் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். சுனாமிக்குப் பிறகு கிணறு சுத்தம் பண்ணும்போது இறைக்கிற அளவைப் பற்றி எச்சரித்தது இதனால்தான். அதோடு ஆடி, ஆவணிக் கச்சான் காற்றில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலும் ஐம்பது லீற்றர் போய்விடும். குளோரினுக்கு ரீ.சி.எல். தூள் நாற்பது கிராம் சொச்சம் போதும், அது மலிவு.

வைக்கும் இடம் பற்றி மாமியே யோசனை சொன்னார்: "மேல்தட்டில வைங்கவன், ஆரும் பாக்கமாட்டாங்க." ஒழுக்கவியல்படி சரி. கட்டட இயல்படி, இரண்டடித் தண்ணீர் சதுர மீற்றருக்கு 610 கிலோ. வீட்டுத் தட்டை ஆட்களுக்கும் தளபாடத்துக்குமாகக் கணக்கிடுவது 150 முதல் 200 கிலோவுக்கு. மாமா படுப்பது அதற்கு நேர் கீழே. வளவில் வைப்பதென்றால் தென்னையிலிருந்து தள்ளி, குழாய்மட்டம் பிடித்து, மணலைச் சமன்செய்து, தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் ஆறு தொன் தண்ணீர் அந்தப் பக்கத்துக்குத்தான் வாக்களிக்கும்.

பாவனையாளர் தொகை என்றொரு மாறியையும் சேர்க்க வேண்டியிருந்தது. உற்பத்தியாளர் படத்தில் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதை எந்த மாதிரியாலும் எதிர்வுகூற முடியாது. வருகிற பிள்ளையை மதிலுக்கு வெளியே நிறுத்துவது இந்த ஊரில் நடக்காது. தொட்டி வாங்குகிறவர் ஒழுங்கைக்கு வாங்குகிறார், கண்விழித்துக் காவலிருப்பது மட்டும் அவர் வேலை. இரண்டடித் தண்ணீரில் சின்னப் பிள்ளை மூழ்கச் சத்தம் கேட்காது. இதில் மட்டும் எனக்கு விளையாட்டுப் புத்தி வரவில்லை. ஏணியை இரவில் கழற்றி உள்ளே வைப்பதென்று அப்போதே தீர்மானித்தோம். ஒரு கால் இல்லாத ஏணி என்பதால் அது பெரிய வேலையுமில்லை.

எஞ்சிய பெறுமதியைக் கணக்கிட்டது மாமி. விற்பவர் முற்றத்தில் அதுவரை கதிரையில் இருந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, உறையின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "இத வெட்டி எடுத்தா நெல்லுக் காயவெக்கப் படங்காகும்" என்றார். அடி வட்டம் பத்தரைச் சதுர மீற்றர். பக்கச் சுவர் அதைவிடத் தடிப்பு, நீட்டி விரித்தால் ஏறக்குறைய ஒன்பது. பெரும்போக வெட்டு வரும்போது படங்கின் விலை எல்லோருக்கும் தெரியும். குழாய்கள் கோழிக்கூட்டுக்கு. நிதியாய்வு ஒரு நொடியில் தலைகீழானது: நாங்கள் வாங்குவது தொட்டி அல்ல, கொஞ்சக்காலம் தண்ணீர் நிற்கக்கூடிய இரண்டு படங்கு.

"ரெண்டு படங்குக் காசு தாறம் தம்பி" என்றார் மாமி.

விற்பவர் முப்பத்தையாயிரத்திலிருந்து இறங்கத் தொடங்கினார். இருபத்தைந்தில் நின்று சவூதியை நினைவூட்டினார். மாமி எலி ஓட்டைக்குள் விரலை விட்டு அசைத்துக் காட்டினார். பதினெட்டுக்கு முடிந்தது. மோட்டரை வேண்டாம் என்று நான் சொன்னேன். வீட்டில் வைத்துத் தான் என்ன செய்வது, அதையும் கொண்டுபோங்கள் என்று அவர் த்ரீவீலருக்குள் போட்டுவிட்டார்.