தூக்கிய ஜிப்சிக்கு ஷாக்கப்சர் நீளம்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

இவ்வாய்வின் எல்லை, 1985இல் சாலைக்கு வந்த மாருதி ஜிப்சி. அதற்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். கம்பெனி அந்தப் பட்டையை ஆக்ஸிலுக்குக் கீழே வைத்தது. பையன்கள் மேலே மாற்றி வைக்கிறார்கள். வண்டி சுமார் 5 அங்குலம் உயர்ந்துவிடுகிறது. பழைய ஷாக் எட்டாது. புதியது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இவ்வினாவை முன்னோர் எவரும் போதிய அளவு குழப்பவில்லை என்பதே இக்கட்டுரையின் தேவை.

சட்ட நோக்கு: மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. இத்துடன் நிறுத்திக்கொள்வது நலம்.

அழகியல் நோக்கு: மஞ்சள் ஷாக்கே அழகு என்ப.

அளவை நோக்கு: இத்துறையில் ஆட்சி செலுத்துவது கூட்டல் கொள்கை. 5 தூக்கினால் 5 கூட்டு (பெரிய மெக்கானிக், வாய்மொழி). எளிமையானது, மனப்பாடம் செய்யத்தக்கது, தவறானது. ஷாக்குக்கு நீளம் ஒன்றல்ல, இரண்டு: முழுக்க அமுங்கியபோது ஒன்று, முழுக்க இழுத்தபோது ஒன்று. வண்டியைத் தூக்கினாலும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால், ஆக்ஸில் மேலே ஏறி முட்டும் இடம் மாறுவதில்லை. நீளமான ஷாக்குக்கோ தண்டும் நீளம், அதை உள்வாங்கும் குழாயும் நீளம். ஆகவே அமுங்கிய நீளமும் கூடிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் முட்டும். அடி வால்வு போகும், அல்லது மவுண்ட் கிழியும். பயந்துபோய்க் குட்டை ஷாக் போட்டால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்ஸிலின் பாரமெல்லாம் ஷாக்கின் தலையில்.

தீர்வு, வெட்கப்படும் அளவுக்குச் சாதாரணமானது. ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு சக்கரத்தை பம்ப் ஸ்டாப் முட்டும் வரை ஜாக்கால் ஏற்றி, மேல் மவுண்டிலிருந்து கீழ் மவுண்டுக்கு டேப் பிடிக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பிடிக்க வேண்டும். ஷாக்கின் அமுங்கிய நீளம் முதல் அளவைவிட அரை அங்குலமாவது குறைவாகவும், இழுத்த நீளம் இரண்டாவதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருந்தால் போதும். இரண்டுக்கும் ஒத்துவரும் ஷாக் கிடைக்காவிட்டால், பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இதற்கெல்லாம் தரையில் படுக்க வேண்டும் என்பதால் அறிஞருலகம் இம்முறையை ஏற்கவில்லை. சுவடியைத் தொடாமலே பாடபேதம் கண்டவர்கள் உள்ள நாட்டில் இது வியப்பன்று.

இனி மூலச் சான்று. கூட்டல் கொள்கையின் தோற்றுவாய், ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரே வரி: "ஜிப்சி முன் 18". இதன் ஈற்றிலக்கம் 8 அன்று, 3 என்பது ஒரு சாரார் வாதம். இடப்புற வளைவுகள் பின்னாளில் ஸ்டெப்னி உரசியதால் தோன்றியவை (அவரே, டீ வருமுன்). டயர் உரசினால் தடம் கறுப்பாக அல்லவா இருக்கும் என்று மறுசாரார் மடக்கினர் (அவரே, டீ வந்தபின்; திருத்திய இரண்டாம் பதிப்பு). 18 என்பது அங்குலமே அன்று, ஸ்பேனர் எண் என்றார் மூன்றாமவர். அது 1800 என்ற கடன் பாக்கி, பூச்சியங்கள் பெயர்ந்து உதிர்ந்தன என்பது நான்காமவர் துணிபு (அவரே, கரண்ட் போனபோது டார்ச் ஒளியில் ஒப்புநோக்கிய பாடம், பையன் குறுக்கிட்ட பகுதி நீக்கப்பெற்றது). பையன் குறுக்கிட்டுச் சொன்னது, "அதை எழுதினதே நான்தாண்ணே" என்பது. எழுதியவன் வாக்குமூலத்துக்கு ஆய்வுலகில் மதிப்பில்லை, ஆகவே விடுத்தோம்.

போன பொங்கலுக்கு முதலாளி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். அதன் பிறகுதான் ஆய்வு வேகம் பிடித்தது.