குவியலின் வயிற்றைக் கேளுங்கள்

கே: ஒரே குவியல் நெல். காலையில் ஈரப்பதம் 19 என்ற மீட்டர், மதியம் 16.5 என்கிறது. எதை நம்புவது? (மன்னார்குடி வாசகர்)

ப: இரண்டையும் நம்பலாம். ஆனால் காலையில் அள்ளியது பனி இறங்கிய மேல் நெல், மதியம் அள்ளியது வெயில் குடித்த மேல் நெல். குவியலின் வயிற்றை இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை! மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடங்களில் கைவிட்டு எடுங்கள். பதரையும் தூசியையும் நீக்கி, ஒரு தட்டில் கலந்து, அதிலிருந்து மூன்று முறையாவது அளந்து சராசரி பாருங்கள்.

கே: மீட்டர் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ப: தண்ணீரை அது பார்ப்பதே இல்லை. நெல்லின் மின்தடையையோ மின்தேக்குத் திறனையோ அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்குப் போடுகிறது. ஆகவே மின்சாரத்தைக் குழப்புவதெல்லாம் மீட்டரையும் குழப்பும். வெப்பத்துக்குத் திருத்தம் செய்யாத பழைய மீட்டரில், களத்துச் சூட்டோடு நெல்லைக் கொட்டினால் சூட்டையும் ஈரமென்று எண்ணிக்கொள்ளும். நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும். நெல்லுக்கு ஒரு கணக்கு, அரிசிக்கு வேறு கணக்கு. எது தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கைப்பிடியைத் திருகி நெல்லை நசுக்கும் வகை என்றால் இன்னும் கவனம் தேவை. நெல்லின் அளவும் திருகும் அளவும் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் முந்தையவரின் நெல் மாவு ஒட்டியிருந்தால், அவர் வயல் ஈரம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் தூரிகையால் துடைக்கச் சொல்லுங்கள்.

கே: களத்தில் 17 காட்டியது. மூட்டை கட்டி மறுநாள் கொண்டுபோனால் 18 என்கிறார்கள். ஏமாற்றா?

ப: அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள். வெயிலில் நெல்லின் மேற்புறம் முந்திக் காயும். நடுவில் ஈரம் தங்கியிருக்கும். ராத்திரியில் அது வெளியே பரவும்போது மீட்டருக்கு நன்றாகவே தெரியும். களத்தில் அடிக்கடி கிளறிவிட்டு 16 வரை இறக்குங்கள். சில மணி நேரம் குவித்து வைத்து, மறுபடி அளந்த பிறகு மூட்டை பிடியுங்கள்.

கே: கொள்முதல் நிலையத்தில் 17-ல் ஏன் அவ்வளவு கறார்?

ப: ஈர நெல் மூட்டைக்குள் சுவாசித்துச் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். அதனால்தான் மத்திய அரசு 17 சதவீதம் என்று வரம்பு வைத்தது. மழையில் டெல்டா தவித்தபோது தளர்த்தியும் இருக்கிறது. 2022 அக்டோபரில் 19 வரை அனுமதித்தார்கள். ஆனால் இந்த வகை மீட்டர்களில் அரை சதவீதம் கூடக் குறையக் காட்டுவது சகஜம். ஆகவே 17.3 என்ற ஒற்றை அளவுக்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். அந்த வண்டியில் இருப்பது ஒரு குடும்பத்தின் மொத்தப் பருவம். வேறு மூட்டையில் குத்தூசி போட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண்ணை நீங்களும் பாருங்கள். தயங்க வேண்டாம்.

கே: 20 சதவீத நெல்லை 17-க்குக் காயவைத்தால், 100 கிலோவில் 3 கிலோதானே குறையும்?

ப: 3.6 கிலோ. தண்ணீர் போக உள்ள 80 கிலோ மாறாது. காய்ந்தபின் அதுவே மொத்த எடையில் 83 சதவீதம். வகுத்துப் பாருங்கள், 96.4 கிலோ வரும்.

கே: எங்கள் தாத்தா நெல்லைக் கடித்தே பதம் சொல்லிவிடுவார். மீட்டர் எதற்கு?

ப: காய்ந்ததா இல்லையா என்பதற்குத் தாத்தா போதும். 17-க்கும் 18-க்கும் இடையே தீர்ப்புச் சொல்லப் பல்லால் ஆகாது. வீட்டில் இன்னொரு வழி உண்டு: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நெல்லோடு கொஞ்சம் காய்ந்த தூள் உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15-க்கு மேல். சேமிப்பு நெல்லுக்கு இது உதவும், விற்பனைக்கு உதவாது.

கே: மீட்டரே பொய் சொன்னால்?

ப: அதற்கு மேல்முறையீடு ஆய்வகத்தில். அரைத்த நெல்லை எடை போட்டு, சூட்டடுப்பில் 130 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் ஈரம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மீட்டரை இதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆய்வகத்துக்குப் புறப்படும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சில வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.